பந்தய ஓட்டுநராகப் பெயர் பெறாத ஒருவர் மோட்டார் பந்தய நிர்வாகத்தில் உச்சியை எட்ட முடியுமா?

முடியும். இந்தக் கேள்விக்கு எனக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் ழான் டோட். பியூஜோவின் பந்தயப் பிரிவு, ஃபெராரி அணி, உலக மோட்டார் பந்தயங்களை ஆளும் எஃப்.ஐ.ஏ. என மூன்றுக்கும் தலைமை வகித்த இந்தப் பிரெஞ்சுக்காரர், 1966 முதல் 1981 வரை ராலி எனும் சாலைப் பந்தயக் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இருக்கையில், மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

அந்த இருக்கையை எனக்கும் கொஞ்சம் தெரியும். பொழுதுபோக்கு ராலிகளில் சில ஆண்டுகள் துணை ஓட்டுநராக இருந்திருக்கிறேன். வளைவு எவ்வளவு கூர்மையானது, அடுத்த வளைவு எத்தனை மீட்டரில் வருகிறது, பாதையில் கல் எங்கே கிடக்கிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்து, ஓட்டுநர் ஒரு வளைவில் இருக்கும்போதே அடுத்ததை வாசிக்க வேண்டும்; முந்திச் சொன்னால் மறந்துவிடுவார், பிந்திச் சொன்னால் பயனில்லை. ஒருமுறை குலுக்கலில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். இடது என்று நான் வாசித்த இடத்தில் பாதை வலது பக்கம் திரும்ப, வண்டி மண்மேட்டில் ஏறி நின்றது. ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை; என் கையிலிருந்த குறிப்பேட்டை மட்டும் பார்த்தார். வேகம் அவருடையது, பிழை என்னுடையது. அணி நிர்வாகியின் வேலையும் ஏறக்குறைய இதுதான் என்பது என் எண்ணம்.

1981ஆம் ஆண்டு கீ ஃப்ரெக்லனுக்குத் துணையாக அமர்ந்து, டால்போட் அணிக்கு உற்பத்தியாளர் பட்டம் கிடைக்க உதவிய கையோடு, டோட் பியூஜோவின் பந்தயப் பிரிவைக் கட்டியெழுப்பும் பொறுப்பை ஏற்றார். அங்கு உருவான 205 டர்போ 16 கார் 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக ராலி பட்டங்களை வென்றது. ஆனால் 1986இல் கோர்சிகா ராலியில் ஹென்ரி டொய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 'குரூப் பி' எனப்பட்ட அந்த அதிவேக ராலி கார் வகைக்கே அடுத்த ஆண்டு முதல் தடை விதிக்கப்பட்டது. டோட் பந்தயங்களை ஆளும் ஆட்சியமைப்பின் மீது வழக்குத் தொடுத்தார். பின்னாளில் அதே ஆட்சியமைப்பின் நாற்காலியில் அமரப் போகிறவர் செய்த காரியம் இது! வழக்கோடு நின்றுவிடாமல், ராலியில் ஓட முடியாமல் போன காரைப் பாலைவனத்துக்கு ஏற்றவாறு மாற்றி டக்கார் பந்தயத்துக்கு அனுப்பினார். 1987 முதல் 1990 வரை நான்கு ஆண்டுகளும் பியூஜோவே வென்றது.

அதில் 1989ஆம் ஆண்டு நடந்தது இன்றைக்கும் பேசப்படுகிறது. அணியின் இரு ஓட்டுநர்களான ஆரி வாட்டனனும் ஜாக்கி இக்ஸும் ஒருவரையொருவர் முந்தும் முனைப்பில் இரண்டு கார்களையும் இழக்க வைத்துவிடுவார்கள் என்று அஞ்சிய டோட், ஒரு நாணயத்தைச் சுண்டி, யார் வெல்ல வேண்டும் என்பதை முடிவு செய்தார். நாணயம் வாட்டனன் பக்கம் விழுந்தது. பந்தயத்தையும் அவரே வென்றார். பார்வையாளனாக எனக்கு இது கசக்கிறது. துணை ஓட்டுநராக இருந்தவன் என்ற முறையில், இரண்டு கார்களும் முழுசாக ஊர் வந்து சேர்ந்தன என்பதையும் கவனிக்கிறேன்.

1993 ஜூன் மாதம் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பியூஜோ கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. ஜூலை 1 அன்று டோட் ஃபெராரியின் ஃபார்முலா ஒன் அணியில் சேர்ந்தார். அப்போது ஃபெராரி ஓட்டுநர் பட்டம் வென்று 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. காரின் வடிவமைப்பு இங்கிலாந்திலும் எஞ்சின் இத்தாலியின் மரனெல்லோவிலும் என்று வேலை பிரிந்து கிடந்தது. டோட் 1996இல் ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கரை அழைத்து வந்தார். அவருக்குப் பின்னாலேயே தொழில்நுட்ப இயக்குநர் ராஸ் பிரானையும் வடிவமைப்பாளர் ரோரி பைர்னையும் வரவழைத்து, வடிவமைப்பை மீண்டும் மரனெல்லோவுக்கே கொண்டு சேர்த்தார். பலன் உடனே கிடைத்துவிடவில்லை. 1996 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் முதலிடத்திலிருந்து புறப்பட வேண்டிய ஷூமாக்கரின் எஞ்சின், பந்தயம் தொடங்கும் முன்பே, அணிவகுப்புச் சுற்றிலேயே புகைந்து நின்றது. டோட்டை நீக்க வேண்டும் என்ற குரல்கள் வலுத்தபோது ஷூமாக்கர் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். 1999இல் அணிப் பட்டம், 2000இல் 21 ஆண்டுகளுக்குப் பின் ஓட்டுநர் பட்டம், பிறகு 2004 வரை இரண்டும் தொடர்ந்து அவர்களுக்கே.

நாணயம் சுண்டிய மனிதர் இங்கும் மாறவில்லை. 2002 ஆஸ்திரிய கிராண்ட் பிரீயில், முன்னணியில் இருந்த ஃபெராரியின் மற்றொரு ஓட்டுநர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ கடைசி நேரத்தில் ஷூமாக்கருக்கு வழிவிட வேண்டியிருந்தது. அரங்கமே கூச்சலிட்டது, அடுத்த ஆண்டு அணி உத்தரவுகள் தடை செய்யப்பட்டன. அந்தத் தடை நீக்கப்பட்டபோது எஃப்.ஐ.ஏ. தலைவர் யார் என்று பார்த்தால், டோட்டேதான். 2009 அக்டோபரில் அவர் அந்தப் பதவிக்கு 135க்கு 49 என்ற வாக்குகளில் தேர்வானபோது, எதிர்த்து நின்று தோற்றவர் ஆரி வாட்டனன்!

தலைவராக அவர் செய்தவற்றில் நான் மதிப்பது, ஓட்டுநரின் தலைக்கு மேல் வரும் 'ஹேலோ' வளையத்தை 2018 முதல் கட்டாயமாக்கியது. அழகைக் கெடுக்கிறது என்று என்னைப் போன்ற ரசிகர்கள் முணுமுணுத்தோம். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ஓட்டுநர் ரொமேன் குரோஜானின் கார் தடுப்புவேலியைப் பிளந்து தீப்பற்றியபோது, அவர் தீக்குள்ளிருந்து தாமாகவே வெளியேறி வந்ததைப் பார்த்த பிறகு முணுமுணுப்பு நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஃபெராரியின் 2019 எஞ்சின் பற்றிய விசாரணையை எஃப்.ஐ.ஏ. விவரம் வெளியிடாமல் உடன்பாட்டில் முடித்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபெராரி எஞ்சினைப் பயன்படுத்தாத ஏழு அணிகளும் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தன. 2021 டிசம்பரில், ஓட்டுநர் பட்டத்தைத் தீர்மானித்த அபுதாபி இறுதிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றைப் பற்றிய சண்டை ஓயாமல் இருந்த அதே வாரத்தில், அவருடைய பதவிக்காலம் முடிந்தது.