கோர்ட்டில் சும்மா தலையாட்டாதீர்கள்

வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா:
தோட்டத்தில் நடந்த சண்டைக்காகத் தம்பிமேல் குற்றவியல் சட்டம் 323 போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட். அவனுக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய்தான். "ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: லோயரைப் பார்க்காமல் வேண்டாம், அம்மா. 323 என்பது வேண்டுமென்றே காயப்படுத்தியதற்கான பிரிவு. அதற்கு ஓராண்டுவரை சிறை, 2,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஒத்துக்கொண்டுவிட்டால், மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே பேச முடியும். அதற்கும் 14 நாள்தான் கெடு.

பெயரைக் கூப்பிட்டதும், குற்றச்சாட்டை வாசிக்கும் முன்பே, "சாயா மின்தா ஜுருபஹாசா தமிழ்" (எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்) என்று தம்பி சத்தமாகச் சொல்லட்டும். அன்று மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு நாள் சம்பளம் போகும்தான், போகட்டும். அரைகுறை மலாய்தான் மலாயே தெரியாததைவிட ஆபத்து, ஏனென்றால் பதில் வந்துவிடுவதால் புரிந்துகொண்டார் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்முன் குனிந்து "பஹாம், துவான்" (புரிகிறது, ஐயா) என்பது நம் பிள்ளைகளுக்கு மரியாதை. கோர்ட்டில் அது சம்மதமாகப் பதிவாகும்.

ஒத்துக்கொண்டதும் அரசுத் தரப்பு சம்பவ விவரத்தை வாசிக்கும். "அவன்தான் முதலில் கட்டையை எடுத்தான், தடுக்கத்தான் அடித்தேன்" என்பது உண்மையானால் அங்கேயே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அது முழு ஒப்புதல் ஆகாது. மாஜிஸ்திரேட் அதை ஏற்காமல் விசாரணைக்கு அனுப்ப வேண்டும்.

ஒய்.பி.ஜி.கே. எனும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை இந்த வாரமே அணுகுங்கள். குடிமக்களுக்கு இலவச லோயர் உண்டு. கோர்ட்டில் வழக்கு விசாரணைக்குப் போகும் கட்டத்தில் வருமானம் பார்ப்பார்கள்.

வாசகர், அதே ஊர்:
அம்மா சாட்சி சொல்லப் போகிறார். மணி, தேதி சொல்லத் தெரியாது. என்ன செய்வது?

பதில்: மணியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். "பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதற்கு) முன்னாடி", "தைப்பூசத்துக்கு மறுநாள்" என்றே சொல்லட்டும். தோட்டத்தில் பெரட்டு எத்தனை மணிக்கு என்பதை வேறு சாட்சிமூலம் காட்டலாம். ஊகித்து "ஆறு மணி" என்றால், குறுக்கு விசாரணையில் போலீஸ் வாக்குமூலத்தோடு முட்டும்.

அந்த வாக்குமூலத்தையும் கவனியுங்கள். அவர் பேசிய மொழியிலேயே வாசித்துக்காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அப்படி நடக்கவில்லையென்றால், அம்மாவைக் கூண்டில் ஏற்றும் முன்பே வழக்கை நடத்தும் அரசுத் தரப்பு அதிகாரியிடமோ லோயரிடமோ சொல்லிவிடுங்கள்.