டிசம்பரில் புறாமலைக்குப் போகச் சொன்ன கட்டுரை

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வயது 27. டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இரவில் வெளிநாட்டு இணையத்தளங்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக் கொடுக்கிறேன். மெத்தை, நாய்ச் சாப்பாடு, கூரை திருத்துவது என்று எதைக் கேட்டாலும் எழுதுவேன். ஆயிரம் சொல்லுக்குப் பத்து டொலர். வேகம்தான் என் பலம். சில மாதங்களில் சம்பளத்தைவிடக் கூட உழைத்திருக்கிறேன். ஏ.ஐ. வந்தபிறகு ஓடர்கள் குறைந்துவிட்டன. முழுநேரமாக இறங்கினால் அதைச் சரிக்கட்டலாம் என்று நினைக்கிறேன். அம்மா வேலையை விட வேண்டாம் என்று அழுகிறா. விடலாமா? ஓடர் பிடிக்க எந்தத் தளத்தில் சேர்வது நல்லது? சொல்லுக்கு எவ்வளவு கேட்கலாம்? கடைசியாக எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன். நம்முடைய திருகோணமலையைப் பற்றியது. நெட்டில் தேடி மூன்று மணித்தியாலத்தில் முடித்தேன். வாசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தங்கை

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

தொழில் பற்றிய கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் தனியாகவே பதில் எழுதிவிடுவேன். உங்களுடையதை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நீங்கள் இணைத்திருந்த கட்டுரை. கொஞ்சக் காலமாக மனதில் கிடந்த ஒன்றை அது கிளறிவிட்டது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தத் தளம் என்பது பெரிய விஷயமில்லை. ஃபைவர் உங்கள் உழைப்பில் நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்ளும், அப்வேர்க் அதைவிடக் குறைவாக எடுக்கும். வெளிநாட்டுப் பணத்தைப் பயோனியர் என்ற சேவையில் வாங்கி வங்கிக்கு மாற்றுவீர்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆங்கில இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நன்றாகவே எழுதுகிறீர்கள்.

ஆனால் கணக்குப் பிரிவில் இருக்கிற பிள்ளை ஏன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை? பத்து டொலரில் தளத்துக்கு இரண்டு போனால் மிச்சம் எட்டு. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 2,400. மாதம் ஒன்றரை லட்சம் வேண்டுமென்றால் ஆயிரம் சொல் கட்டுரைகள் 63 எழுத வேண்டும். ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் நாளுக்கு இரண்டுக்கு மேல். அதற்கும் ஓடர் வர வேண்டும். வேலையை விட்டால் சம்பளம் மட்டுமா போகிறது? உங்கள் பெயரில் முதலாளி கட்டுகிற சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமும் சேர்ந்து போகும். வெளிநாட்டு உழைப்புக்கு முன்பு வரி இல்லை, 2025 ஏப்ரல் முதல் உண்டு. ஆண்டுக்கு 18 லட்சம் வரை விலக்கு, அதற்கு மேல் வங்கி வழியாக வந்த காசுக்குக் கூடியது 15 வீதம். வரி இலக்கம் எடுத்து வையுங்கள். இப்போதைய வருமானத்துக்கு அது உங்களைத் தொடாது, தொடுகிற நாள் வர வேண்டும் என்றுதான் என் ஆசை.

சரி, கட்டுரைக்கு வருகிறேன்.

இலங்கைக் கடற்கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், அந்த நாட்களில் நிலாவெளிக்கு வந்து படகில் புறாமலைத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பாருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உவர்மலையில் இருந்துகொண்டு இதை எழுத எப்படி மனம் வந்தது? டிசம்பரில் உங்கள் வீட்டுக் கொடியில் உடுப்புக் காய்கிறதா? நவம்பர், டிசம்பர் நமக்கு அடைமழைக் காலம். வாடைக்காற்று அடிக்கும், கடல் குமுறும், வள்ளங்களைக் கரையேற்றி வைத்திருப்பார்கள். நீங்கள் சொன்ன டிசம்பர் தெற்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் உரியது. மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கிலம் பார்க்கப் போவார்கள், நம் பக்கத்தில் அதற்கு மே தொடங்கி ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். தரையிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசி, நாம் வீட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும்போதுதான் நம் கடல் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். இது உங்களுக்குத் தெரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில்தானே இருக்கிறீர்கள். கொழும்பையே பார்க்காத யாரோ எழுதிய பொதுவான வரியை எடுத்து, உங்களுக்குத் தெரிந்ததன் மேல் போட்டு மூடியிருக்கிறீர்கள்.

அடுத்தது கன்னியா வெந்நீர் ஊற்று. உடம்பை ஊறவைத்துக் களைப்பாறும் ‘ஸ்பா’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்தது. அங்கே இருப்பது ஏழு சின்னக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இறங்கி ஊற முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். இராவணன் தாய்க்குக் கருமம் செய்த இடம் என்ற நம்பிக்கையில் நம் சனம் செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யப் போகிற இடம் அது. ஈர வேட்டியோடு அப்பாவுக்குக் கடன் தீர்த்துக்கொண்டு நிற்கிற ஒரு பொடியனுக்குப் பக்கத்தில், உங்கள் கட்டுரையை நம்பி வந்த வெள்ளைக்காரப் பெண் நீச்சல் உடுப்போடு வந்து நிற்க வேண்டுமா? அவளுக்கும் சங்கடம், அவனுக்கும் சங்கடம். இரண்டு வரி சரியாக எழுதியிருந்தால் அவள் தோளை மூடிக்கொண்டு வந்திருப்பாள்.

ஏ.ஐ.யால் ஓடர் குறைந்தது என்கிறீர்கள். உண்மைதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு உங்கள் விலைக்கு எழுதியவர்களுக்குத்தான் முதல் அடி விழுந்தது. அது செய்வது என்ன? நெட்டில் இருப்பதைப் படித்து இன்னொரு தடவை நெட்டுக்கே எழுதுவது. நீங்கள் மூன்று மணித்தியாலம் செய்ததும் அதையேதான். வேகத்தைப் பலம் என்று சொல்லாதீர்கள். அந்த ஓட்டத்தில் உங்களுக்கு இடமில்லை.

சின்ன வயதில் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்த முழுநேர எழுத்தாளர், அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் மரத்தடியில் பெட்டிசம் எழுதிக் கொடுத்த ஒரு ஐயா. அப்பாவுக்குத் தெரிந்தவர். ஒரு மேசை, மூடி இல்லாத டைப்ரைட்டர், கார்பன் தாள். அந்த உழைப்பிலேயே நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஒருநாள் மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் ஒரு அம்மா வந்தா. இடம்பெயர்ந்து திரும்பிப் போனபோது அவவின் காணியில் வேறு யாரோ வேலி போட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னா. ஐயா ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. “பெர்மிட் எந்த ஆண்டு? வடக்கு எல்லையில் யார் காணி? கிணறு யார் வெட்டியது? விதானையாரிடம் போனனீங்களோ, என்ன சொன்னவர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவவுக்குப் பாதி தெரியவில்லை. “போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ அம்மா” என்று அனுப்பிவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. லோஞ்சுக்குக் காசு கொடுத்து வந்தவவை இப்படி அனுப்பலாமா என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். அடுத்த கிழமை அவ எல்லா விவரத்தோடும் வந்தா. ஐயா அடித்தது அரைப் பக்கம். அதில் அழுகை ஒரு சொல்லும் இல்லை. எல்லை நான்கு, ஆண்டு, பெர்மிட் இலக்கம், கிணறு. கூலியை முதலிலேயே சொல்லியிருந்தார், வாங்கிய பிறகுதான் தாளைக் கையில் கொடுத்தார்.

அவரைவிட மலிவாக எழுதுகிறவர்கள் அதே வரிசையில் இருந்தார்கள். அச்சடித்த மாதிரி ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். சனம் இவரிடம்தான் நின்றது, கச்சேரிக்குள் இருக்கிற கிளாக்கர் இவருடைய தாளை எடுத்து வாசிப்பார் என்பதால்.

கூலி விஷயத்திலும் அவரைப்போல் இருங்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எனக்கு மாதக்கணக்கில் வேலை தந்துவிட்டு, கடைசித் தொகுதியை வாங்கிய பிறகு மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதையே நிறுத்திக்கொண்டது. கட்டுரைகள் இன்றும் அவர்களுடைய தளத்தில் இருக்கின்றன. புது ஆள் என்றால் பாதிக் காசு முன்பணமாகக் கேளுங்கள். தளத்துக்குள் எடுக்கிற வேலை என்றால், பணத்தை முன்கூட்டிக் கட்டிவைத்த பிறகே தொடங்குங்கள். காசு கேட்க வெட்கப்படுகிற பழக்கத்தை நம் பெண்பிள்ளைகளுக்கு யாரோ நன்றாகப் பழக்கிவைத்திருக்கிறார்கள்.

இப்போது எனக்குப் புரியாத ஒன்று. நாள் முழுக்க லெட்ஜர் பார்க்கிறீர்கள். சின்னக் கடைக்காரர் எங்கே கணக்கை விடுகிறார், பற்றுச்சீட்டு எப்படித் தொலைகிறது, மாதக் கடைசியில் ஏன் ஐம்பது ரூபாய் இடிக்கிறது, எல்லாம் தெரியும். கணக்கு மென்பொருள் விற்கிற நிறுவனங்கள் இதைத் தெரிந்து எழுதக்கூடியவர்களைத் தேடுகின்றன, மெத்தைக்காரரைவிட நல்ல விலையும் கொடுக்கின்றன. அதை விட்டுவிட்டு நீங்கள் வளர்க்காத நாய்க்குச் சாப்பாடு தேடுகிறீர்கள். பகல் வேலையைத் தடை என்று நினைக்காதீர்கள், உங்கள் சரக்கு அங்கேதான் இருக்கிறது. நம்மூர் சரவணமுத்துப்பிள்ளை, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் வெளியிட்டவர், சென்னையில் நூலகராக வேலை பார்த்தவர்தான்.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அந்தக் கட்டுரையை வாங்கியவருக்கு இன்றைக்கே எழுதி, டிசம்பரையும் கன்னியாவையும் காசு வாங்காமல் திருத்திக் கொடுங்கள். யாராவது பிள்ளைகளோடு டிக்கெட் போடுவதற்கு முன் அது மாற வேண்டும். இரண்டு, வருகிற சனிக்கிழமை நிலாவெளிக்கு பஸ் எடுங்கள். படகு ஓட்டுகிற அண்ணன்மாரிடம் எந்த மாதம் எத்தனை மணிக்குத் தண்ணீர் தெளியும், எந்தக் காற்றுக்குப் போகமாட்டார்கள், பாறையில் ஏறி நிற்கிறவர்களுக்கு என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். பிறகு எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்குப் பத்து டொலர் சொல்ல நான் விடமாட்டேன்.

வேலையை இப்போது விட வேண்டாம். மாறாமல் கேட்கிற வாடிக்கையாளர் இரண்டு மூன்று பேர் அமைந்து, ஓர் ஆண்டு வீட்டுச் செலவுக்குப் போதுமான காசு கையில் சேர்ந்த பிறகு மறுபடி எழுதுங்கள். அப்போதும் அம்மா அழுதால் நானே வந்து கதைக்கிறேன். உவர்மலை எனக்குத் தூரமில்லை.