18 வயது முடிந்ததும் குழந்தைகள் இல்லத்திலிருந்து அனுப்பிவிடுவார்களா?

திருப்பூர் இல்லத்தில் வளரும் அக்கா மகனுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது, அப்புறம் எங்கே போவான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லத்தில் 18 வரைதான். ஆனால் அதோடு கைகழுவிவிட முடியாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 46 பிற்காப்பு உதவிக்கு, அதாவது இல்லத்தை விட்டுப் போனபின் தரும் ஆதரவுக்கு, வழி வைத்திருக்கிறது; பொதுவாக 21 வயது வரை தங்குமிடம், படிப்பு, தொழிற்பயிற்சி கிடைக்கும். இப்போதே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். குழந்தைகள் நலக்குழுவிடமும் சொல்லி வையுங்கள்.

பையன் கிளம்பும்முன் ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் அவன் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்ம ஊரில் பனியன் கம்பெனி வேலை உடனே கிடைத்துவிடும். சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் பார்த்தவன் ஐடிஐ பக்கம் திரும்புவது கஷ்டம். முதலில் படிப்பில் சேர்த்துவிடுங்கள்.