திரும்பி வரும் டப்பாவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 7. தினமும் காலையில் நான்கு பேருக்கும் மதியச் சாப்பாடு கட்டுவது நான்தான். அவசரத்தில் ஃபாயில், ஜிப் கவர், பாக்கெட் பிஸ்கட், அட்டைப்பெட்டி ஜூஸ் என்று கைக்குக் கிடைத்ததை வைத்து அனுப்பிவிடுகிறேன். மாலையில் குப்பைக்கூடையைப் பார்த்தால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. சத்தாகவும் குப்பையில்லாமலும் கட்டலாம் என்று, உள்ளே அறை அறையாகப் பிரித்த விலை கூடிய டப்பா இரண்டு வாங்கினேன். மகள் அதைத் தொடுவதே இல்லை, 'சின்னப் பிள்ளைங்க டப்பா' என்கிறாள். மகனுடையது பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வருகிறது. பழைய பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு எவர்சில்வருக்கு மாறிவிடலாமா? எந்த மாதிரி டப்பா நல்லது? இன்னொன்று: சில டப்பாக்களின் மூடியில் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு வாடை போகவே இல்லை. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இப்போதைக்கு எந்த டப்பாவும் வாங்காதீர்கள்.

கடிதத்தில் ஃபாயிலையும் கவரையும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்திருக்கிறீர்கள். மகன் மிச்சம் வைக்கும் பாதிச் சாப்பாட்டை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கென்னவோ உங்கள் வீட்டின் பெரிய குப்பை அதுதான் என்று படுகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஓட்டல்களும் கடைகளும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. விளைவிக்கப் பாய்ச்சிய தண்ணீர், சமைத்த அடுப்பின் எரிபொருள், உங்கள் தூக்கத்தில் அரை மணி நேரம் எல்லாமே அந்த மிச்சத்தோடு சேர்ந்து கொட்டப்படுகின்றன. எவ்வளவு நல்ல டப்பாவில் போனாலும் வயிற்றுக்குள் போகாத சத்து சத்தே இல்லை. அதனால் உங்களுடைய இரண்டு கவலைக்கும் ஒரே இடத்தில் ஆரம்பிக்கலாம்.

ஒரு வாரம், சாயங்காலம் டப்பாக்களைக் கழுவப் போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். எது மிச்சம், எவ்வளவு மிச்சம், ஒரு வாய் வைத்துவிட்டு விட்டிருக்கிறதா, தொடவே இல்லையா என்று பாருங்கள். அப்புறம் பையனிடம் பேசுங்கள். 'ஏன் சாப்பிடல?' என்று கேட்டால் 'பிடிக்கல' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். 'இன்னிக்கு டப்பாவை யாரு திறந்தா?', 'பெல் அடிக்கிறதுக்குள்ள எதுவரைக்கும் சாப்பிட்ட?' என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

7 வயது என்பதால் எனக்கு முதல் சந்தேகம் மூடிமேல்தான். சுடச்சுடப் போட்டு, ரப்பர் வளையம் வைத்த மூடியை உடனே அழுத்தி மூடினால், உள்ளே நிறைந்திருக்கும் நீராவி ஆறும்போது தண்ணீராகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களே ஸ்பூன் காம்பை விட்டு நெம்பித் திறக்கிற மூடி அது. பையன் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். டீச்சரிடம் கேட்கக் கூச்சம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் பிஸ்கட்டோடு மதியச் சாப்பாடு முடிந்துவிடும். ஒரு லீவு நாளில் அதே டப்பாவில் காலையிலேயே கட்டி வைத்து, மதியம் அவனையே திறக்கச் சொல்லிப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கையை நீட்டி உதவாதீர்கள். மூடிதான் வில்லன் என்றால், ஆவி அடங்கியபிறகு மூடுவது, காற்றுவிடும் சின்னக் குமிழ் இருந்தால் அதை முதலில் தூக்கக் கற்றுக்கொடுப்பது, அதுவும் முடியவில்லை என்றால் கிளிப் இல்லாத சாதாரண மூடிக்கு மாறுவது என்று வழி இருக்கிறது.

அடுத்தது பல். இந்த வயதில் முன்பல் விழுந்து முளைக்கிற நேரம். முழு ஆப்பிளை அவன் எப்படிக் கடிப்பான்? நறுக்கிக் கொடுத்தால் கருத்துவிடுகிறது என்பீர்கள். வெட்டுப்பட்ட இடத்தில் பழத்தின் நொதி காற்றோடு சேர்வதால் வருகிற நிறம் அது, கெட்டுப்போனதல்ல. ஆனால் பார்க்கச் சகிக்காது என்பதும் உண்மைதான். நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு தடவினால் அந்த நொதி அடங்கும். அல்லது துண்டுகளைத் திரும்ப முழுப் பழம்போலவே சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புங்கள், காற்று அதிகம் படாது. ஆரஞ்சு என்றால் தோலைப் பாதி உரித்துவிட்டுக் கொடுங்கள். தொடப்படாமலே திரும்பும் பழங்களில் பல, உரிக்கத் தெரியாததால் திரும்புகிறவையாக இருக்கலாம்.

அளவையும் பாருங்கள். வீட்டில் ராத்திரி நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுகிற அளவை மதியத்துக்கும் வைத்துவிடுகிறோம். பள்ளி இடைவேளையில் கை கழுவ, டப்பா எடுக்க, கதை பேச, விளையாட ஓட என்று நேரம் போனபிறகு மிஞ்சுவதுதான் சாப்பிடும் நேரம். கொஞ்சம் குறைத்தே கொடுங்கள். காலியாகத் திரும்பினால், 'போதலம்மா' என்று அவனே கேட்டால், அடுத்த நாள் ஒரு கரண்டி கூட்டுங்கள். பசியோடு வந்தால் சாயங்காலம் ஒரு முட்டையோ வாழைப்பழமோ கொடுத்தால் சரியாகிவிடும்.

சத்து விஷயத்துக்கு வருகிறேன். இதில் குழம்ப ஒன்றுமில்லை. ஹார்வர்டு பொது சுகாதாரப் பள்ளி 2011இல் ஒரு சாப்பாட்டுத் தட்டின் படம் வெளியிட்டது: பாதித் தட்டு காயும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம். அதே பங்கீட்டை டப்பாவுக்குள் வைத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் டப்பாவில் இது தலைகீழாக இருக்கும். முக்கால்வாசி சோறோ ரொட்டியோ, ஓரத்தில் பேருக்குக் கொஞ்சம் காய், புரதம் தேடினாலும் கிடைக்காது. ஒரே நாளில் புரட்டிப்போட வேண்டாம், முதலில் புரதத்தைச் சேருங்கள். வேகவைத்த பயறு, கொண்டைக்கடலை, முட்டை, கெட்டித் தயிர், மீன், கோழி என்று உங்கள் வீட்டுப் பழக்கத்தில் எது உண்டோ அது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பு வகையில் அது நிறைய. பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தானியத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே டப்பாவில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும். பயறு, கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி உதவும். அதற்கு மேலே பிழிகிற எலுமிச்சையோ கூட வைக்கிற ஆரஞ்சோ போதும். நீங்களும் கணவரும் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவர்கள் என்றால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், டீ அந்த இரும்பைத் தடுக்கும்.

காயைத் தனியாக வைத்தால் பையன் ஒதுக்குகிறான் என்றால் துருவிச் சோற்றோடோ முட்டையோடோ கலந்துவிடுங்கள். கேரட், வெள்ளரிக்காய்த் துண்டுகளுக்கு முன்கூட்டியே உப்பு போடாதீர்கள். உப்பு தண்ணீரை இழுத்துவிடும், மதியத்துக்குள் எல்லாம் தொளதொளத்துப்போகும்.

ஜூஸை நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. நூறு சதவீதப் பழச்சாறு என்று எழுதியிருந்தாலும் அதிலுள்ள சர்க்கரையை, குறைத்துக்கொள்ளவேண்டிய சர்க்கரையின் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் வைக்கிறது. அந்தப் பெட்டியும் வெறும் அட்டை இல்லை; அட்டை, பிளாஸ்டிக், பெரும்பாலும் அலுமினியம் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும். தண்ணீர் பாட்டில் போதும். பிஸ்கட்டும் கடலையும் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்காமல் பெரியதாக வாங்கி, ஒரு குட்டி டப்பாவில் பிரித்துப் போடுங்கள். இந்த இரண்டு மாற்றத்திலேயே உங்கள் குப்பைக்கூடை பாதி இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் இதுதான் எனக்கு முக்கியம். சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். அந்த நடுச்சூட்டில் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். காலை ஏழு மணிக்குக் கட்டியதை ஒரு மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்றால் நடுவில் ஆறு மணி நேரம். ஆகவே ஒன்று நன்றாகச் சூடாகப் போகவேண்டும், அல்லது நன்றாகக் குளிர்ந்து போகவேண்டும். வெதுவெதுப்பாகப் போவதுதான் வம்பு. குறிப்பாகச் சோறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் சோற்றில் தங்கிவிடும். சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கிற அந்த நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. ராத்திரிச் சோற்றைக் கட்டுவதில் தப்பில்லை. ஆனால் அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்ததாக இருக்கவேண்டும்.

சூடாக அனுப்ப வாய் அகன்ற பிளாஸ்க் நல்லது. அதில் முதலில் கொதிநீரை ஊற்றி மூடி பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற சாப்பாட்டைப் போடவேண்டும். பிளாஸ்க்கின் சுவரே சில்லென்று இருந்தால் சாப்பாட்டின் சூட்டை முதலில் அது குடித்துவிடும். (முன்பு சொன்ன மூடிப் பிரச்சினை இதிலும் வரும், பையனுக்கு என்றால் திறந்து பழக்கிவிட்டு அனுப்புங்கள்.) குளிர்ச்சியாக அனுப்ப, ராத்திரியே தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் வையுங்கள். தண்ணீர் உறையும்போது விரியும் என்பதால் முக்கால் பாட்டில்தான் நிரப்பவேண்டும், கண்ணாடி பாட்டில் கூடாது. அதைச் சாப்பாட்டுப் பையில் டப்பாவோடு ஒட்டி வைத்தால் தனியாக ஐஸ் பேக் தேவையில்லை. மதியம் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் ஆயிற்று. உள்ளே ஐஸ் இல்லாமல் குளிர்காக்கும் பை மட்டும் வாங்குவதில் பெரிய பலன் இல்லை. அது குளிரைக் காக்குமே தவிர உண்டாக்காது.

பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப்போடவேண்டாம். வீட்டில் இருப்பதைக் குப்பையாக்கிவிட்டுப் புதிது வாங்குவது குப்பையைக் குறைக்கிற வழியே அல்ல. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே தடவை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், பருவநிலைக்கு வரும் பாதிப்பைப் பொறுத்தவரை ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்தவேண்டும் என்று கணக்கிட்டார்கள். 'நல்ல' பொருள் என்று வாங்கி அலமாரியில் வைத்தால் அது நல்ல பொருள் இல்லை. பழைய பிளாஸ்டிக்கில் பழம், கடலை, பிஸ்கட் போன்ற ஆறிய, உலர்ந்தவற்றைப் போடுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன், டப்பாக்களுக்கு நல்ல வகை. அப்படியிருந்தும் பிளாஸ்டிக்கில் சூடுபண்ணவேண்டாம் என்பேன். கீறல் விழுந்தவை தையல் சாமான், ஆணி வைக்கப் போகட்டும். இருப்பது போதாமல் பிற்பாடு வாங்கத்தான் வேண்டும் என்றால் எவர்சில்வர் வாங்குங்கள். 18/8 என்று பொறித்திருந்தால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்தது, துரு பிடிக்காமல் வருடக்கணக்கில் உழைக்கும். மைக்ரோவேவில் மட்டும் வைக்கமுடியாது. உங்கள் அலுவலகத்தில் அது இருந்தால் உங்களுக்கு மட்டும் ஒரு கண்ணாடி டப்பா வைத்துக்கொள்ளலாம். ஃபாயிலில் புளிப்பும் உப்பும் உள்ள எதையும் சுற்றாதீர்கள், அலுமினியத்தை அரித்துச் சாப்பாட்டில் சேரும். ரொட்டி சுற்றச் சுத்தமான பருத்தித் துணி போதும்.

மகளுக்கு வருவோம். 13 வயதுப் பெண்ணுக்கு டப்பா என்பது சாப்பாட்டுப் பாத்திரம் மட்டுமல்ல, நாலு பேர் நடுவில் திறக்கிற விஷயம். அதில் நீங்கள் வாதாடி ஜெயிக்கமாட்டீர்கள். வீட்டில் இருக்கிற டப்பாக்களில் எது வேண்டும், என்ன வைக்கவேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஒரு தானியம், ஒரு புரதம், ஒரு காய், ஒரு பழம் இருக்கவேண்டும் என்பது மட்டும் உங்கள் நிபந்தனை. கட்டுவதும் அவளே. அந்த வயதில் தாராளமாகக் கட்டலாம்.

கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நான்கு பேர் சாப்பாட்டிலும் உங்கள் கை மட்டும்தான் தெரிகிறது. கணவர் பற்றி 'வேலைக்குப் போகிறார்' என்பதோடு சரி. காலை அவசரத்தில்தான் ஃபாயிலும் பாக்கெட்டும் வருகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவசரத்தைக் குறைக்காமல் குப்பை குறையாது. ராத்திரி சாப்பிட்ட கையோடு காயை நறுக்கி, பயறு ஊறவைத்து, டப்பாக்களை எடுத்து வைப்பது அவர் வேலை என்று ஆகட்டும். வெள்ளரி, ஆப்பிள் மட்டும் காலையில் நறுக்கினால் போதும். மகன் தன் தண்ணீர் பாட்டிலை நிரப்பி ஃபிரீசரில் வைக்கட்டும்.

மகள் ஒதுக்கிய அந்த அறை டப்பாவை நறுக்கிய காய் வைக்க ஃபிரிட்ஜில் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக அந்த வாடை. அது பெரும்பாலும் மூடியில் இல்லை, மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்துக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் எண்ணெயும் ஈரமும் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், மேலே தேய்த்தால் போகாது. ஸ்பூன் காம்பால் வளையத்தை மெதுவாக நெம்பி எடுத்து, வெந்நீரும் சோப்பும் போட்டு வளையம், பள்ளம் இரண்டையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, இரண்டையும் தனித்தனியாக நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். வாரம் ஒரு தடவை இப்படிச் செய்தால் போதும். கரும்புள்ளி போகாத அளவுக்கு ஊறிப்போயிருந்தால் வளையத்தை மட்டும் மாற்றுங்கள். பல டப்பாக்களுக்கு அது தனியாகவே கிடைக்கிறது.