போக்கரில் ஏஸ்-கிங் வைத்து மூன்று பெட் போட்டும் எதிராளி ஃபோல்டு செய்யவில்லை என்றால்

கையில் ஏஸ்-கிங், ஜோடி சேரவில்லை; மூன்று சுற்றிலும் பெட் (பந்தயம்) போட்டும் எதிராளி ஃபோல்டு செய்யவில்லை (கார்டை விட்டு விலகவில்லை), எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். ரிவரில், அதாவது ஐந்தாவது பொதுக் கார்டு வந்தபின், போட்ட மூன்றாவது பெட்தான் தப்பு. ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுக் கார்டு விழுந்ததும்) போட்டது சரி: எதிரே ஒரே ஆள், போர்டில் குயீன்-7-2, மூன்றும் வெவ்வேறு இனம். பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் தொகை; அதில் பாதி போட்டால், மூன்றில் ஒரு தடவை அவர் ஃபோல்டு செய்தாலே நஷ்டமில்லை. ரிவரில் நீங்கள் பாட் முழுக்கப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு இரண்டில் ஒரு தடவையாவது அவர் விட வேண்டும்.

2 டாலர் டோர்னமென்டில் அது பெரும்பாலும் நடக்காது. அங்கே ஆடுபவர்களுக்குக் கையில் ஒரு 7 இருந்து ஜோடி சேர்ந்துவிட்டால் போதும், கடைசிவரை கால் செய்வார்கள் (அதே தொகையைப் போட்டுத் தொடர்வார்கள்). உங்கள் பெட்டுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்காமல் தன் கார்டை மட்டும் பார்க்கிற ஆளை பிளஃப் (நல்ல கை இல்லாமலே இருப்பதுபோல் பெட் போடுவது) அசைக்காது.

ஹேண்ட் ஹிஸ்டரியை (ஆடிய ஆட்டங்களின் பதிவை) திறந்து, அந்த எதிராளி ரிவரில் கால் செய்து காட்டிய கார்டுகளைப் பாருங்கள். சின்ன ஜோடிகளாகவே இருந்தால் அவரிடம் பிளஃப் வேண்டாம். நல்ல கை வரும்போது பெரிதாகப் போடுங்கள்.

பிளஃபுக்கு நல்ல நேரம், இன்னும் ஓரிருவர் வெளியேறினால் பரிசு என்கிற கட்டம். உங்களிடம் சிப் அதிகம், பிளைண்டில் (கார்டு பார்க்குமுன் கட்டாயப் பந்தயம் வைக்கும் இடத்தில்) இருப்பவரிடம் நடுத்தரம் என்றால் பட்டனிலிருந்து (டீலர் இடத்திலிருந்து) தாராளமாக ரெய்ஸ் செய்யலாம் (பந்தயத்தை உயர்த்தலாம்). ஆனால் அவரிடம் 10 பெரிய பிளைண்டுக்கும் குறைவான சிப் இருந்தால் ஜாக்கிரதை, ஆல்-இன் (மொத்த சிப்பையும் வைக்கும் பந்தயம்) திரும்பி வரும்.