அங்க மோரே வராது, தாயி

கேள்வி: அக்கா, எனக்கு கல்லிடைக்குறிச்சி. வீட்டுலயே அப்பளம் போட்டு விக்கேன், ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்ல தான். போன வாரம் மொட்டமாடில காயப்போட்டுட்டு படியில உக்காந்து ஒரு நிமிஷம்னு இன்ஸ்டாகிராம் பாத்தேன், தூறல் விழுந்ததே தெரியல, 400 அப்பளம் கூழா போச்சு. துபாய்ல இருக்க எங்க மதினி போட்டோவ பாத்தா நம்மளும் ஒரு வாழ்க்கை வாழுதோமான்னு இருக்கு, ஆனா பாக்காம இருக்கவும் முடியல. போன மாசம் பாபநாசம் போனோம், குரங்கு புளியோதரைய தூக்கிட்டுப் போயி எனக்கும் அவுகளுக்கும் பெரிய சண்ட, அன்னைக்கு போட்ட போட்டோவுக்கு 83 லைக் வந்ததுதான் ஒரே ஆறுதல். மன உறுதி இல்லாத சவம்னு வீட்டுல திட்டுதாக. எனக்கு என்னதான் ஆச்சு?

பதில்: ஏ தாயி, உனக்கு ஒண்ணும் ஆகல. திட்டுதவுகள ஒரு நாள் ரீல்ஸ் பாக்காம இருக்கச் சொல்லு பாப்போம். நானே பாளை பஸ் ஸ்டாண்டுல ஏறி வண்ணாரப்பேட்டைல எறங்க வேண்டியவ, தலைய தூக்கிப் பாத்தா டவுன் ஆர்ச் நிக்குது, நடுவுல ஆறு வந்துச்சு ஈரடுக்குப் பாலம் வந்துச்சு ஒண்ணுமே கண்ணுல படல. லேடீஸுக்கு டிக்கெட் இல்லங்கிறதால தப்பிச்சேன்.

நம்ம சாப்பாட்டுல மோர் வந்தா பந்தி முடிஞ்சுன்னு கை தானா எந்திரிக்கும்லா, இன்ஸ்டாகிராம்ல அந்த மோரே வராது. முன்னாடியெல்லாம் நெட்டுல ஒரு பக்கம் முடிஞ்சா அடுத்த பக்கம்னு அமுக்கணும், அமுக்குத நேரத்துல போதும்னு தோணும். 2006ல ஆசா ராஸ்கின்னு ஒருத்தர் முடிவே இல்லாம கீழ ஓடிட்டே இருக்க மாதிரி செஞ்சு விட்டாரு, பின்னாடி அவரே வருத்தப்பட்டாரு, ஆனா நம்ம அப்பளம் நனஞ்சது நனஞ்சதுதான்.

இதுக்கும் முன்னாடி ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் புறாவ வச்சு சோதிச்சுப் பாத்தாரு. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் வந்தா அது பசிக்கு கொத்திட்டு சும்மா இருக்கும், எப்ப வரும்னே தெரியாம வச்சா விடாம கொத்திட்டே கெடக்கும். குறுக்குத்துறைல தூண்டில் போட்டு உக்காந்திருக்கவுகள கூப்பிட்டுப் பாரு, இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு தான் சொல்லுவாக. பத்து குப்பைக்கு நடுவுல உனக்குப் புடிச்ச சொதி வீடியோ ஒண்ணு வருதுல்லா, அதுதான் அந்த தானியம். 2020 ஜூன் கடைசில டிக்டாக்க தடை பண்ணாக, ஜூலைலயே ரீல்ஸ் வந்துட்டு. கடைதான் மாறிச்சு, சரக்கு அதே சரக்கு.

சரி, மதினி விஷயம். உன் பாபநாசம் போட்டோவ நீயே ஒரு தடவ எடுத்துப் பாரு. ஈரச் சேலையும் சிரிப்புமா நிப்ப, பக்கத்துல அவுகளும் சிரிப்பாக, பின்னாடி தண்ணி வெள்ளையா விழும். அந்த 83 பேருல ஒருத்தருக்காவது குரங்கு தெரிஞ்சிருக்குமா? அத பாத்துட்டு எவளோ ஒருத்தி ராத்திரி தூக்கம் வராம, இவளுக்கு மட்டும் எப்படி இப்படி ஒரு வீட்டுக்காரர் வாய்ச்சாருன்னு பொருமிட்டு கெடந்திருப்பா, அவளுக்கு என்ன தெரியும் புளியோதரை போன கதை.

போன தூக்கிப் போடுன்னு சொல்ல மாட்டேன், உன் பொழப்பே அதுலதான் இருக்கு. வாட்ஸ்அப் இருக்கட்டும். இன்ஸ்டாகிராம் ஆப்ப மட்டும் அழிச்சிரு, பாக்கணும்னா ப்ரவுசர்ல போயி பாஸ்வேர்ட் அடிச்சு பாரு, அந்த எரிச்சல்லயே பாதி நேரம் வேண்டாம்னு விட்டுருவ. நோட்டிபிகேஷன்ல ஆர்டர் தவிர மிச்சத்த எல்லாம் அணைச்சிரு. மாடிக்கு ஏறும்போது போன் கீழ அரிசி டப்பா மேல இருக்கட்டும், ஆர்டர் போட்டவுக அரை மணி நேரம் பொறுப்பாக, மழை பொறுக்காது. மொத வாரம் கை சும்மா சும்மா இடுப்ப தடவும், பயப்படாத.

பெறவு ஒரு ஞாயித்துக்கெழம மதினிக்கு போன் போட்டு அந்த குரங்கு கதைய மொதல்லருந்து சொல்லு, சிரிச்சு முடிச்சுட்டு அவுக கதைய அவுகளே எடுத்து விடுவாக.