பனி பொழியும் குளிர்காலத்தில் புதிய பின்சக்கர இயக்கக் காரை விற்பனையகத்திலிருந்து ஓட்டி எடுத்து வரலாமா?

எடுத்து வரலாம், ஆனால் அதில் பொருத்தியிருப்பது எந்த டயர் என்பதை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும் அமைப்பையே பின்சக்கர இயக்கம் என்கிறோம். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் எம்2 கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சினின் எடை முன்புறம் இருக்க, 450 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட விசை முழுவதையும் இரண்டு பின்சக்கரங்களே தரையில் இறக்க வேண்டியிருப்பதால், வழுக்கும் சாலையில் ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தினாலும் வண்டியின் வால்பகுதி பக்கவாட்டில் விலகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், வெப்பமான காலத்துக்கென்றே செய்யப்படும் கோடைக்கால டயர்தான். வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் கெட்டியாவதைப் போல அதன் ரப்பர் இறுகிச் சாலையைப் பற்றும் தன்மையை இழக்கிறது. ஜெர்மனியில் பனி படிந்த சாலையில் இத்தகைய டயருடன் ஓட்டுவது சட்டப்படி குற்றம். பக்கச்சுவரில் மூன்று சிகரங்களும் பனித்துகளும் பொறித்த டயரே அங்கே குளிர்கால டயராகச் செல்லுபடியாகும். ஆகவே குளிர்கால டயரை மாற்றிய பிறகே சாவியை வாங்குங்கள், அல்லது வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள். புது டயர் முழுப் பிடிப்பைப் பெறச் சுமார் 300 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மின்னணு வழுக்கல் தடுப்பு இருக்கிறதே என்று துணிவது தவறு: அது விசையைக் குறைக்குமே தவிர, டயரிடம் இல்லாத பிடிப்பை உண்டாக்காது.